பாட்டுப் போட்டால் களைப்பு எங்கே போகிறது?

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒரு வீ.ஆர். ஹெட்செட்டை (கண்ணில் மாட்டினால் விளையாட்டுக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் கருவி) என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதைப் போட்டுக்கொண்டு குத்துச்சண்டை ஆடுவதுதான் இப்போது என் உடற்பயிற்சி. மத்தியானம் அம்மா படுத்திருப்பதால் சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடினால் பத்து நிமிடத்தில் களைத்துப் போகிறேன். இரவில் பாட்டோடு ஆடினால் அரை மணித்தியாலம் போவதே தெரியவில்லை. ஒரே ஆட்டம், ஒரே கை. என்ன மாயம் இது?
- பரந்தன் வாசகர்

பதில்: தம்பி, முதலில் வெயிலின் பங்கைக் கழித்துவிடுங்கள். மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே கையை வீசினால், பாட்டு இருந்தாலும் களைக்கத்தான் செய்யும்.

மிச்சம் சத்தத்தின் வேலை. விளையாட்டின் சத்தத்தை நிறுத்தினால் உங்கள் மூச்சு இளைப்பது காதில் விழும். 1980இல் பென்னபேக்கர், லைட்னர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆட்களை ட்ரெட்மில்லில் விட்டு, சிலருக்கு அவரவர் மூச்சுச் சத்தத்தையும் சிலருக்குத் தெருச் சத்தத்தையும் கேட்கவைத்தார்கள். மூச்சைக் கேட்டவர்கள்தான் கூடக் களைப்பென்று சொன்னார்கள். பாட்டும், குத்து விழும்போது வருகிற அந்த ‘டப்’பும் உங்கள் கவனத்தை உடம்பிலிருந்து வெளியே இழுத்துவிடுகின்றன. எங்கட ஆட்கள் அரிவி வெட்டும்போது பாடியதும் இந்தக் கணக்கில்தான். பாட்டின் இழுவைக்குக் கை போகும், முதுகு நோவு வரம்பில் குந்தும்போதுதான் தெரியும்.

ஆனால் இது மிதமான வேகம் வரைக்கும்தான். ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் உடம்பின் குரல்தான் மேலே நிற்கும், அப்போது பாட்டு களைப்பை அவ்வளவாகக் குறைக்காது, கொஞ்சம் சந்தோசம் தரும், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க விருப்பமென்றால், அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஒரே நேரத்தில், ஒருநாள் சத்தத்தோடும் மறுநாள் இல்லாமலும் பத்து நிமிடம் ஆடுங்கள். முடிந்த கையோடு, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 6க்கும் 20க்கும் இடையில் ஓர் எண் சொல்லுங்கள். சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் அது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியவே முடியாது. உடனே 15 விநாடி நாடி பிடித்து நாலால் பெருக்குங்கள். நாடி ஒன்றாகவே இருந்து எண் மட்டும் குறைந்தால், சத்தம் மனதில்தான் வேலை செய்திருக்கிறது. பாட்டு நாளில் நாடியும் ஏறியிருந்தால், தாளத்துக்கு நீங்கள் வேகமாகக் குத்தியிருக்கிறீர்கள், அதையும் பாட்டின் கணக்கிலேயே எழுதுங்கள்.

மத்தியானத்துக்கு ஒரு ஹெட்போனைச் செருகிக்கொண்டால் அம்மாவுக்குப் பாட்டுக் கேட்காது, சத்தத்தை மட்டும் அளவாக வையுங்கள். நீங்கள் தொம் தொம்மென்று குதிப்பது கேட்கும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.