காற்றை உள்ளே இழுப்பது யார்?

‘நுரையீரல் விரிவதால் காற்று உள்ளே போகிறதா, காற்று போவதால் நுரையீரல் விரிகிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவதுதான் சரி. பலூனை நினைத்துக்கொள்வதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

பலூனை விடுங்கள், துருத்தியை நினையுங்கள். காங்கேயம் பக்கம் எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில் தோல் துருத்தி ஒன்று இருந்தது. அதற்குள் யாரும் காற்றை ஊதி நிரப்பியதில்லை. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே இடம் கூடும், அழுத்தம் குறையும், வெளிக்காற்று தானாகப் புகும். நெஞ்சும் அப்படித்தானுங்க.

நுரையீரலுக்குத் தன்னைத்தானே விரிக்கும் தசை கிடையாது. அதன் அடியில் குடை மாதிரிக் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் கூட்டைத் தூக்கி அகட்டுகின்றன. நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவே இரண்டு மெல்லிய சவ்வுகளும் துளி ஈரமும் உண்டு. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரித்துப் பாருங்கள், லேசில் வராது. அதனால் கூடு விரிந்தால் நுரையீரலும் கூடவே விரியும். வெளியே 760 மி.மீ. பாதரச அழுத்தம் என்றால், உள்ளே சுமார் 1 மி.மீ. குறைந்தாலே போதும், அரை லிட்டர் காற்று வந்துவிடும்.

வெளிவிட? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உழைப்பே வேண்டாம். தசை தளர்ந்ததும், இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நுரையீரல் சுருங்கிக்கொள்ளும். சென்னிமலைப் படி ஏறினால் கதை வேறு: வெளிவிட வயிற்றுத் தசை, உள்ளிழுக்கக் கழுத்துத் தசை என்று எல்லாம் வேலைக்கு வந்துவிடும். மேலே போய் இடுப்பில் கை ஊன்றி இரைக்கிறவரின் கழுத்தைக் கவனியுங்கள், தசை புடைத்துப் புடைத்து அடங்கும்.