பிசியோதெரபி மையத்தில் வெட்டுவதும் தைப்பதும் இல்லையே, தொற்றுத் தடுப்பு விதிகள் எதற்கு? ஆய்வுக்கு வருபவர்களுக்கு ஒரு கோப்பு இருந்தால் போதாதா?

போதாது. புதிதாக மையம் தொடங்கும் நீங்கள், அதைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. எனக்கு இது புரிந்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில்.

பக்கவாதத்துக்குப் பிறகு நடைப் பயிற்சிக்காக ஒரு முதியவர் வந்துகொண்டிருந்தார். முன்கையை அடிக்கடி சொறிவார். வயதானவர்களுக்குத் தோல் வறள்வது இயல்புதானே என்று விட்டுவிட்டேன். இடுப்பை அணைத்துப் பிடித்து அவரை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் வேலை; தினமும் அரை மணி நேரம் தோலோடு தோல் உரசும். ஒரு மாதம் கழித்து என் விரலிடுக்குகளில் அரிப்பு தொடங்கியது. ஸ்கேபீஸ் என்ற சொறி சிரங்கு. முதல் முறை தொற்றும்போது அரிப்பு வெளிப்பட 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதற்கு முன்பே அது பிறருக்குப் பரவிவிடும். அந்த வாரங்களில் நான் யாரையெல்லாம் தொட்டேன் என்று பட்டியல் எடுக்க உட்கார்ந்தேன். எங்கள் பதிவேட்டில் பெயரும் கட்டணமும் மட்டுமே இருந்தன. யாருக்கு யார் சிகிச்சை அளித்தார், எந்தப் படுக்கையில் என்ற விவரம் இல்லை. நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். சிலரை நிச்சயம் விட்டிருப்பேன். அது இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் பதிவேட்டை ஆய்வாளருக்கான காகிதமாக நினைக்காதீர்கள் என்கிறேன். தேதி, நேரம், சிகிச்சையாளர், படுக்கை, பயன்படுத்திய கருவி: இந்த ஐந்தும் ஒரே வரியில் இருந்தால், ஏதாவது நடந்த அன்று பத்து நிமிடத்தில் தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது கை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன், தூய்மை தேவைப்படும் செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். நம் துறையில் தவறவிடப்படுவது பெரும்பாலும் கடைசித் தருணம்தான். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு நடைப் பயிற்சிக் கம்பியையும் வாக்கரையும் நகர்த்திவைத்துவிட்டு, அதே கையோடு அடுத்தவரின் முழங்காலைப் பிடிக்கிறோம். ஆல்கஹால் திரவமானால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீருமானால் முழுச் செயலுக்கும் 40 முதல் 60 விநாடி ஆகும். வயிற்றுப்போக்கு உள்ளவரைத் தொட்டிருந்தால் சோப்புதான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

கையுறையை எல்லோருக்கும் எப்போதும் அணிய வேண்டியதில்லை. இரத்தம், உடல் திரவம், புண், வெடித்த தோல் இருக்கும் இடத்தில் அணியுங்கள். கழற்றியதும் கை கழுவியே ஆக வேண்டும்.

ஈரமான பொருட்களைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஜெல் குப்பி பாதியானதும், பெரிய கேனிலிருந்து ஊற்றி நிரப்பும் வழக்கம் பல மையங்களில் இருக்கிறது. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஜெல்லில் பாக்டீரியா உயிரோடு இருக்கும், பெருகவும் செய்யும். பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியா கலந்த ஜெல்லால் மருத்துவமனைகளில் தொற்று பரவியது பதிவாகியிருக்கிறது. 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு தயாரிப்பாளரின் ஜெல்லையே பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. எனவே சிறு குப்பிகளாக வாங்குங்கள், திறந்த தேதியை மேலே எழுதுங்கள், முனை தோலில் படாமல் பிழியுங்கள், தீர்ந்ததும் எறியுங்கள். புண் இருக்கும் இடத்தில் சாதாரண ஜெல் கூடவே கூடாது. மின்சிகிச்சைக்கான ஸ்பாஞ்சுகளும் உறிஞ்சு கிண்ணங்களும் இதே வகைதான். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் மறுநாள் காலை நீங்கள் நோயாளியின் தோலில் வைப்பது கிருமிப் பண்ணையைத்தான். ஒட்டும் மின்முனைகளை ஒருவருக்கு ஒரு ஜோடி என்று பெயர் எழுதி வையுங்கள். வலி குறைக்கக் கையை முக்கும் வெதுவெதுப்பான மெழுகுத் தொட்டியில் புண்ணோ தோல் நோயோ உள்ள கையை முக்கக் கூடாது. உரித்த மெழுகைத் திரும்பத் தொட்டியில் போடவும் கூடாது.

தசை வலிக்காகச் சில மையங்களில் தோலைத் துளைக்கும் ஊசி பயன்படுத்துவார்கள்; அது கிருமி நீக்கப்பட்டதாக, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். பயன்படுத்தியதும் மூடி போடாமல் நேராகக் கூர்முனைப் பெட்டிக்குள் போக வேண்டும். இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான சிகிச்சையில் உடலுக்குள் செலுத்தும் கருவியை மேலோட்டமாகத் துடைத்தால் போதாது, அதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் (பெருமளவு வித்துகள் தவிர மற்ற எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் முறை) தேவை. ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட ஆவணம் வேலையில் சேரும்போதே இருக்கட்டும். அந்த வைரஸ் காய்ந்த மேற்பரப்பில் குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். ஊசி குத்திவிட்டால் யாரை அழைப்பது என்ற எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும்.

விதிகளின் வாசகம் நாட்டுக்கு நாடு மாறும். கேட்பது அநேகமாக ஒன்றுதான்: எழுதிய நடைமுறை, பொறுப்பாளர், ஆண்டுதோறும் பயிற்சி, கழிவைப் பிரித்தல், அவற்றுக்கான சான்று. ஒரு மையத்தில் புதன்கிழமையன்றே வெள்ளிக்கிழமை வரை கையெழுத்திட்ட துப்புரவுப் பட்டியலைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விசாரித்தபோது, அங்கே ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை என்பது தெரிந்தது. கிருமிநாசினிக் குப்பியின் மேல் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். துடைத்த உடனே காயவைத்து அடுத்தவரைப் படுக்க வைத்தால், அது கொல்ல வேண்டியதைக் கொல்லாது. அழுக்கின் மேல் தெளித்தாலும் பயனில்லை, முதலில் அழுக்கை நீக்க வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கும் கிருமிநாசினிக்கு 3 நிமிடம் வேண்டுமென்றால், முன்பதிவு அட்டவணையிலேயே நோயாளிகளுக்கு நடுவில் 5 நிமிடம் ஒதுக்குங்கள். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பேர் குறைவார்கள். அந்த இழப்பைக் கணக்கில் எடுத்தே கட்டணத்தை முடிவு செய்யுங்கள்.

முன்பதிவுச் செய்தியில் ஒரு வரி சேருங்கள்: "காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புதிதாக அரிப்பு அல்லது தடிப்பு இருந்தால் அழைத்துச் சொல்லுங்கள், கூடுதல் கட்டணம் இல்லாமல் வேறு நாள் தருகிறோம்." பணம் போய்விடும் என்று பயந்து யாரும் நோயோடு வரக் கூடாது.