வெளிநாட்டுப் பள்ளிக்கு உதவப் போகும் மாணவர்கள்: பணத்தை எப்படித் திரட்டுவது?

கேள்வி: சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். மொத்தம் 12 பேர். வரும் ஜூனில் எட்டு நாள் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துக்குப் போய், இரண்டு தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் சிறு நூலகம் அமைத்துக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லித்தரத் திட்டம். ஏழு லட்சம் ரூபாய் வேண்டும் போலிருக்கிறது. எல்லோரையும் ஒரு நண்பனின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்லலாமா? குலுக்கல் சீட்டு விற்கலாமா? கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கேட்கலாமா?

பதில்: மூன்றுமே வேண்டாம்.

குலுக்கல் முதலில். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. காசு வாங்கிக்கொண்டு, அதிர்ஷ்டத்தில் பரிசு தரும் எந்தச் சீட்டும் வம்புதான், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். சிஎஸ்ஆர் விதிகளோ இந்தியாவுக்கு வெளியே செய்யும் வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி மட்டும் விலக்கு. அதனால் அந்தத் துறைக்குக் கடிதம் எழுதி இரண்டு மாதம் காத்திருப்பது வீண். அதே கம்பெனியின் விளம்பரப் பிரிவில் டி-ஷர்ட்டுக்கோ துணிப்பைக்கோ ஸ்பான்சர் கேட்டால் வாய்ப்பு உண்டு.

ஜிபே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் கணக்கில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டுமல்ல, முழுத் தொகையும் அவர் வருமானமாகக் கருதப்படும். இரண்டு லட்சம் வந்தால் இரண்டு லட்சத்துக்கும் அந்த நண்பன்தான் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர், அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா தருவதற்கு இந்த உச்சவரம்பு இல்லை. ஆனால் அத்தை மகன் சட்டப்படி உறவினர் பட்டியலில் வரமாட்டான்; அவன் தருவது 50,000 கணக்கில் சேரும்.

அறக்கட்டளைக் கணக்கில் வாங்கி, கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இந்திய அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்துக்கு வரிவிலக்கு பொதுவாகக் கிடைக்காது. தனிநபர் ரூபாய் கொடுத்து வெளிநாட்டு நாணயம் வாங்க ரிசர்வ் வங்கி தரும் தாராளத் திட்டமும் அறக்கட்டளைக்கு இல்லை. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கும் இதே சிக்கல்தான். கல்லூரிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அவர்களின் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

எங்கள் யோசனை வேறு. பயணப் பணத்தையும் பள்ளிப் பணத்தையும் முதல் நாளே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் ஏழு லட்சத்தை உதாரணக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். தலைக்கு விமானம் 18,000, தங்கலும் சாப்பாடும் நாளுக்கு 1,500 வீதம் 12,000, வேன் பங்கு 5,000, நுழைவு அனுமதியும் காப்பீடும் 2,000, கைவசம் 3,000. ஆக 40,000, 12 பேருக்கு 4,80,000. பள்ளிகளுக்குத் தலா ஒரு லட்சம் என்றால் மொத்தம் 6,80,000.

இதில் 4,80,000 உங்கள் பயணச் செலவு. வீட்டிலும், டியூஷன் எடுத்தோ வார இறுதி வேலை பார்த்தோ நீங்கள் ஈட்டுவதிலும் அது வரட்டும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாங்கிய காசில் விமான டிக்கெட் போட்டால், கொடுத்தவர் ஒருநாள் கேட்பார், கேட்பது நியாயம்தான். டிக்கெட்டையும் தங்கலையும் தனித்தனியாக வாங்குங்கள். ஏஜென்ட்டிடம் ஒரே பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பிறகு ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் பயண நேரத்தில் கையில் காசு குறையும்.

இனி பொதுமக்களிடம் கேட்க வேண்டியது இரண்டு லட்சம்தான். அதில் பாதியைப் பழைய பேப்பரிலேயே திரட்டலாம். 150 வீடுள்ள அடுக்ககத்தில் மாதம் வீட்டுக்கு ஆறு கிலோ, கிலோ 12 ரூபாய் என்று வைத்தால் 10,800. மூன்று அடுக்ககம், மூன்று மாதம்: 97,200. இது முழுதாக நடக்காது, ஏன் என்றும் சொல்கிறோம். பல வீடுகளில் பேப்பர் வாங்குவதே நின்றுவிட்டது. பல இடங்களில் பழைய பேப்பர் வாட்ச்மேனுக்கோ வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கோ போகிறது. அவர்கள் வருமானத்தில் கை வைக்காதீர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் முதலில் பேசி, அட்டைப்பெட்டி, பழைய நோட்டு, கைடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். டிசம்பர் மழையில் நனைந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். மாடிப்படிக்கு அடியில் வைத்து, எடை போடும்போது இருவர் கூட நில்லுங்கள்.

மீதி ஒரு லட்சத்தை 12 பேரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு சுமார் 8,500. அதாவது 17 பேரிடம் 500 ரூபாய். ஒவ்வொருவரும் தன் கணக்கில் தானே வாங்க வேண்டும். 50,000 பக்கத்திலேயே போகமாட்டீர்கள். யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரே பொதுத்தாளில் எழுதி, கொடுத்தவர்களுக்கெல்லாம் வாரம் ஒருமுறை அனுப்புங்கள். வரிவிலக்கு ரசீது கிடையாது என்று முதல் செய்தியிலேயே சொல்லுங்கள். பயணம் நின்றுபோனால் பணம் திரும்ப வருமா என்பதும் அதிலேயே இருக்கட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். துபாயில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாமா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்தச் சட்டத்துக்குள் வராது.

“வியாசர்பாடியில் பள்ளிக்கூடம் இல்லையா?” என்று பத்தில் நான்கு பேராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. உரிய அனுமதி வாங்கி ஒரு மாநகராட்சிப் பள்ளியில் இதே நூலக வேலையைச் சிறிய அளவில் முதலில் செய்துவிடுங்கள். உங்களுக்கு ஒத்திகை, கேட்பவருக்கு பதில், இரண்டும் ஆகிவிடும்.

என்ன வாங்குவது என்பதைப் பள்ளி அதிபர் (அங்கே தலைமை ஆசிரியரை அப்படித்தான் சொல்வார்கள்) எழுதித் தரட்டும். நம் பாடநூல்கள் அங்கே உதவாது: பாடத்திட்டமே வேறு, நம் இயற்பியல் அங்கே பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். பாடநூலை அரசே இலவசமாகவும் தருகிறது. கதைப் புத்தகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாகக் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்குங்கள். 100 கிராம் எடையுள்ள படப் புத்தகம் 200 பிரதி என்றால் 20 கிலோ. 12 பெட்டிகளில் பிரித்தால் தலைக்கு இரண்டு கிலோகூட இல்லை. பில்லும், இது அன்பளிப்பு என்னும் அதிபரின் கடிதமும் சுங்கத்தில் காட்டக் கையில் இருக்கட்டும். அலமாரி, பாய், வெள்ளைப் பலகையை அந்த மாவட்டத்திலுள்ள அட்டன் நகரிலேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அங்கே செலவழிக்கும் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணய அட்டை) ஏற்றிக்கொள்ளுங்கள். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் கொண்டுபோகலாம், உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம். யார் கையிலும் பணமாகக் கொடுக்காமல் கடைக்கு நேரே கட்டுங்கள். பில் பள்ளியின் பெயரில் இருக்கட்டும், பொருள் பெற்றதற்கு அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

அனுமதிதான் பலர் கோட்டைவிடும் இடம். வெளியார் பள்ளிக்குள் வந்து வகுப்பெடுப்பதற்கு அதிபரின் வாய்ச்சொல் போதாது. அவர் வலயக் கல்விப் பணிமனையின் கடிதத்தை வாங்கித் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு, சுற்றுலா அனுமதியில் போகலாமா, வேறு அனுமதி வேண்டுமா என்று சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். கடிதம் கைக்கு வரும்வரை பணம் திருப்பித்தராத டிக்கெட்டைப் போடாதீர்கள். தேதி குறிக்கும் முன் நாட்காட்டியையும் பாருங்கள்: ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே பொது விடுமுறை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த வாரமே சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் ஒன்றில் நேரம் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே இருப்பவர்கள், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.