வார்டில் எழும் கேள்விகள்: மருத்துவக் கல்லூரி வாசகர்களுக்குப் பதில்கள்

களியக்காவிளை முதல் கொழிஞ்சாம்பாறை வரை, கேரள எல்லையின் இருபுறமும் வாழும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், மருத்துவக் கல்லூரிப் படிப்பையும் பணியையும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் களியக்காவிளையைச் சேர்ந்தவள், எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து பாம்புக்கடி நோயாளிகள் அடிக்கடி வருகிறார்கள். விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும் சிலருக்கு இரத்தம் உறையாமலே இருப்பதைப் பார்த்தேன். இதை ஆராய வேண்டும் என்று தோன்றுகிறது. சீனியர்களோ, "ஆராய்ச்சியெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் பட்டமேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வின் ரேங்க்கைப் பார்" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் கவனித்தது சாதாரண விஷயமல்ல. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராக உருவாக்கப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோட்டங்களில் வாழும், மூக்கு நுனி மேடாக இருக்கும் சிறிய குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அது கடித்தாலும் இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் பழுதாகலாம். ஆனால் நம் கையில் இருக்கும் மருந்து அதற்குப் பயன்படுவதில்லை. அடித்த பாம்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருகிற உறவினரும், அவசரத்தில் அதைப் பார்க்கிற பயிற்சி மருத்துவரும் இந்தக் குழிவிரியனைச் சுருட்டை விரியன் என்று எண்ணிவிடுவது கேரளத்தில் பதிவாகியிருக்கும் பிழை. எனினும், நீங்கள் பார்த்த நோயாளிகள் அனைவருக்கும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடி விரியன் கடித்து, மருந்தின் அளவு போதாமல் போனவர்களும் அவர்களில் இருக்கலாம்.

கேள்வி நல்லது, ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரால் முடிக்கக்கூடிய அளவுக்கு அதைச் சுருக்க வேண்டும். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் இருக்கும் பாம்புக்கடி நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, எத்தனை பேருக்குப் பாம்பின் இனம் எழுதப்பட்டிருக்கிறது, அதை யார் அடையாளம் கண்டது, இரத்தம் உறையும் சோதனை எந்தெந்த நேரத்தில் செய்யப்பட்டது, மருந்து கொடுத்த பின் எத்தனை மணி நேரத்தில் இரத்தம் உறைந்தது என்ற நான்கை மட்டும் எழுதி எடுத்தாலே உருப்படியான ஆய்வு கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவர்களுக்காக 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இத்தகைய இரண்டு மாத ஆய்வுகளுக்கென்றே ஏற்பட்டது. உங்கள் கல்லூரியிலேயே ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகக் கொண்டு விண்ணப்பிக்கலாம். பழைய கேஸ் ஷீட்டைத்தானே புரட்டுகிறோம் என்று, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தள்ளிப்போட வேண்டாம். ஆய்வு முடிந்த பிறகு அதைப் பின்தேதியிட்டுப் பெற முடியாது.

உங்கள் சீனியர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1986ஆம் ஆண்டு ஒரு பட்டமேற்படிப்பு மாணவியின் தீசிஸ் (ஆய்வேடு) வழியாகத்தான் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) துறையில் பேராசிரியர் சுனிதி சாலமன் அந்தத் தலைப்பைக் கொடுத்தார். மாணவி செல்லப்பன் நிர்மலா முதலில் தயங்கினார், பிறகு ஏற்றுக்கொண்டார். பாலியல் தொழிலாளர்களிடம் தாமே சென்று பேசி இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்; அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்ததாகப் பின்னாளில் கூறினார். சோதனை வசதி அப்போது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்ததால், மாதிரிகளை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரிந்தது. நாடு முழுவதும் கண்காணிப்பும் விழிப்புணர்வும் தொடங்குவதற்கு இந்தக் கண்டுபிடிப்பு காரணமாயிற்று. யோசனை பேராசிரியருடையது, அலைந்த கால்கள் மாணவியுடையவை, கருவி வேறொரு கல்லூரியுடையது. மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு எதற்காக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டிய நிகழ்ச்சி வேறில்லை.

ரேங்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீட் பி.ஜி. தேர்வில் ஆய்வுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது என்பது உண்மை. மூன்றாம் ஆண்டில் செலவிடும் இரண்டு மாதத்தால் ரேங்க் பறிபோய்விடும் என்பது வீண் பயம். பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்களில் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்; அதற்குப் போகும் பணமும் நேரமும்தான் உண்மையான நஷ்டம்.

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் விவசாயம் செய்கிறோம். மகனுக்குப் பட்டமேற்படிப்பில் எம்.டி. மைக்ரோபயாலஜிதான் கிடைத்திருக்கிறது. "நோயாளியைத் தொடாத டாக்டருக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மகனும் ஓராண்டு வீட்டிலிருந்து படித்து மறுபடியும் தேர்வெழுதலாமா என்று யோசிக்கிறான். ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் மகனின் விருப்பம் என்ன என்பது ஓரிடத்திலும் இல்லை. அதை அவரிடம் கேட்டுவிட்டு, பிறகு இந்தப் பதிலைப் படியுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதித்துத் தொலைபேசியில் சொல்பவர் மைக்ரோபயாலஜி மருத்துவர். அறுவை சிகிச்சை அரங்கில் தொற்று பரவினால் அது எந்தக் குழாயிலிருந்து, எந்தத் திரவத்திலிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பவரும் அவரே. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது அது என்ன நோய் என்று விரைவாகக் கண்டறிந்ததால்தான் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. அந்த வேலை நடந்தது ஆய்வுக்கூட மேசையில். உங்கள் கேரளத்திலேயே திருவனந்தபுரம் அருகே தோன்னக்கல்லில் வைரஸ் ஆய்வுக்கென்று தனி நிறுவனம் இப்போது இயங்குகிறது.

கசப்பானதையும் மறைக்கக்கூடாது. சொந்தக் கிளினிக் வைத்துச் சம்பாதிக்கும் வழி இந்தத் துறையில் குறைவு. ஆசிரியர் பணி, பெரிய மருத்துவமனைகளின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு, ஆய்வுக்கூடம், ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில்தான் வேலை தேட வேண்டியிருக்கும். சம்பளமும் இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடும். படிப்புக்காகக் கடன் வாங்கியிருக்கும் குடும்பம் இதைக் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளியைத் தொடாத டாக்டர் என்ற பேச்சை மனதில் ஏற்றிக்கொண்டு ஓராண்டை விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற துறைகளில்தான் அவர் மனம் முழுக்க இருக்கிறது என்றால் மறுபடியும் எழுதட்டும். வெறும் வெட்கம்தான் காரணம் என்றால், சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: செங்கோட்டையைச் சேர்ந்த நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பாம்புக்கடி நோயாளிகளுக்குச் செய்யும் இரத்தம் உறையும் சோதனையில், சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய டியூபும் புதிய டியூபும் வெவ்வேறு முடிவு காட்டுவதாகத் தோன்றுகிறது. டாக்டரிடம் சொன்னேன், "உன் வேலையைப் பார்" என்றார். எங்களைப் போன்றவர்களுக்கு ஆராய்ச்சியில் இடமுண்டா?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இந்தச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த, கண்ணாடி டியூப் வேண்டும். நோயாளியின் இரத்தக் குழாயிலிருந்து எடுத்த சில மில்லி இரத்தத்தை அதில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் வழிந்தால் உறையவில்லை என்று பொருள். இரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. அதன் மேல் சோப்பின் மிச்சம் படிந்திருந்தால் ஆரோக்கியமானவரின் இரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். பிளாஸ்டிக் டியூபிலும் இதே கோளாறு வரும். அப்படி ஒரு தவறான முடிவை நம்பி, தேவையில்லாத ஒருவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினால், ஒவ்வாமையால் அவர் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே "உன் வேலையைப் பார்" என்று உங்களிடம் சொல்லப்பட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. நீங்கள் பார்த்தது உங்கள் வேலையைத்தான்.

வாய்ப்பேச்சாகச் சொன்னதை எழுத்தாக்குங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, டியூப் புதியதா கழுவியதா, முடிவு என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிறகு பேதாலஜி (நோயியல்) அல்லது சமூக மருத்துவத் துறையில் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆசிரியரைக் கண்டுபிடித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, விருப்பமுள்ள ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை இரண்டு வகை டியூபிலும் ஒரே நேரத்தில் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டுரை எழுதும்போது உங்கள் பெயர் ஆசிரியர்களில் ஒருவராக வர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருத்துவர் அல்லாதவரின் உழைப்பில் நின்ற பெரிய ஆய்வு உங்களுக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கிய வாய்ப்புற்றுநோய் ஆய்வில், 13 ஊராட்சிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2005இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அந்த முடிவுக்கு ஆதாரமான ஒவ்வொரு வாயையும் முதலில் பார்த்தவர்கள் அந்தப் பணியாளர்களே.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன் நான். பாலக்காட்டுப் பக்கம் உள்ள கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். மலையாளம் பேச வரும், எழுதப் படிக்கத் தெரியாது. ஆங்கிலமும் தடுமாற்றம். தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். மலையாள எழுத்தை முதல் விடுமுறையிலேயே கற்றுவிடுங்கள். மருந்துச் சீட்டின் குறிப்பைப் படிக்கவும், நோயாளியின் ஒப்புதல் படிவத்தை அவருக்கு விளக்கவும் அது தேவை. ஆங்கிலம் பாடப் புத்தகத்தோடு தானே வந்துவிடும். அட்டப்பாடியிலிருந்து வரும் இருளர் நோயாளிகள் பேசுவதை உங்கள் வகுப்பில் மற்ற பலரைவிட நீங்கள் விரைவாகப் புரிந்துகொள்வீர்கள். அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள அந்தக் குடும்பங்களுக்கு அது சின்ன உதவியல்ல.

கேள்வி: குழித்துறைக்காரன் நான், இப்போது ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்). இரவு நேரத்தில் சலைன் பாட்டில் தீர்ந்துபோவதை அறிவிக்கும் மலிவான கருவிக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். காப்புரிமை வாங்க வேண்டுமா? இதையே தொழிலாகக் கொள்ளலாமா?

பதில்: இத்தகைய கருவிகள் ஏற்கெனவே பல உண்டு. எனவே காப்புரிமைத் தரவுகளைத் தேடிப் பார்த்து, உங்களுடையதில் புதியது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடிந்தால், தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டு 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். கிடைக்கும் உரிமை, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு. விண்ணப்பிக்கும் முன்பே கருத்தரங்கில் காட்டிவிட்டாலோ வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டாலோ, பொதுவாகப் புதுமை என்ற தகுதியை அது இழந்துவிடும். கருவிக்கு உரிமை பெறலாம். நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கு இந்தியச் சட்டம் உரிமை தருவதில்லை. கல்லூரியின் பொருளையும் நேரத்தையும் பயன்படுத்தியிருந்தால் கல்லூரிக்கும் பங்கு உண்டா என்பதை அதன் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலாகக் கொள்வதற்கு முன், உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இதய வால்வைப் பற்றிப் படியுங்கள். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது வடிவம் செம்மறி ஆடுகளில் சோதிக்கப்பட்டு, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வை வாங்க முடியாதவர்களுக்காகத் தொடங்கிய வேலை, கண்டுபிடித்த கையோடு முடிந்துவிடவில்லை; உற்பத்தி செய்யும் நிறுவனத்திடம் தொழில்நுட்பத்தை ஒப்படைத்து, நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வந்தார்கள்.

உங்கள் கருவி அவ்வளவு ஆபத்தானதல்ல என்பதால் அவ்வளவு காலம் ஆகாது. ஆனாலும் வேலைக்கு இறங்கும் முன் சில இரவுகள் வார்டில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டில் தீர்ந்ததை முதலில் கவனிப்பது செவிலியரா, நோயாளியின் துணைக்கு இருப்பவரா? நாற்பது கட்டிலுக்கு ஒரே செவிலியர் இருக்கும் இடத்தில் ஐந்து கருவிகள் ஒன்றாக ஒலித்தால் அவர் எந்தக் கட்டிலுக்கு ஓடுவார்? வரைபடத்தைக் காட்டாமலே இதையெல்லாம் அவரிடம் கேட்கலாம். கருவி ஒலிக்க வேண்டுமா, அல்லது பாட்டில் தீர்ந்ததும் குழாயைத் தானே அடைத்துக்கொண்டால் போதுமா என்பதை அவர் சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்துவிட்டு, அதன்பிறகு விண்ணப்பத்தை எழுத உட்காருங்கள்.