குளூட்டன் இல்லாத விருந்து: முன்பணம் கட்டும் முன் எழுதி வாங்குங்கள்

கேள்வி: எங்கள் 25-ஆவது திருமண நாளுக்குக் கொடைக்கானல் விடுதி ஒன்றில் 20 பேருக்கு இத்தாலிய விருந்து வைக்கிறோம். என் மனைவிக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவர் குடலைப் பாதிக்கும். கோதுமை துளியும் சேரக்கூடாது. “எல்லாமே குளூட்டன் ஃப்ரீதான் சார்” என்கிறார் மேலாளர். முன்பணம் 40,000 ரூபாய். எக்காரணத்துக்கும் திருப்பித் தர மாட்டோம் என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறது. சொன்னபடி செய்யாவிட்டால் வழக்குப் போட முடியுமா? – வாசகர், கோவை

பதில்: முடியும். ஆனால் “ஃப்ரீதான் சார்” என்பதை வைத்து ஜெயிப்பது கடினம். நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். பணம் கட்டும் முன்பே மெனுவையும் சமைக்கும் முறையையும் மின்னஞ்சலில் அனுப்பி, “சம்மதம்” என்று பதில் வாங்குங்கள். மனைவியின் நோயையும் அதிலேயே குறிப்பிடுங்கள். தெரியாது என்று பின்னால் சொல்ல வழியிருக்காது.

நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் குளூட்டன் இல்லாத உணவு என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. மைதா தூசி பறக்கும் சமையலறையில் இது எளிதல்ல. எனவே இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள்: பாஸ்தா வேகவைக்கப் புதுத் தண்ணீர், தனிப் பாத்திரம், தனி வடிகட்டி. பீட்ஸா அதே அடுப்பில் வேண்டாம். ரிசோட்டோ அரிசிதான், ஆனால் அதில் போடும் ஸ்டாக் க்யூபில் (சாறுக் கட்டி) கோதுமை இருக்கலாம். நியோக்கி உருளைக்கிழங்கு என்று நம்பாதீர்கள், பிசைவது மைதாவில். டிராமிசு என்ற இனிப்பு வேண்டாம், அதன் பிஸ்கட்டே கோதுமை. சாஸைக் கெட்டியாக்க மைதாவுக்குப் பதில் சோளமாவு என்றும் குறிப்பிடுங்கள்.

மலையில் இன்னொரு தொல்லை உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் பாஸ்தா வேக நேரமாகும். அரிசி பாஸ்தா சற்றே தப்பினாலும் குழைந்துவிடும். அப்போதுதான் அவசரத்துக்குக் கோதுமை பாக்கெட் பிரிக்கப்படும். அரிசி பாஸ்தா பாக்கெட்டுகளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூடுதலாக இரண்டு வைப்பது நல்லது.

மீறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். திண்டுக்கல் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் கோவையிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். அன்றே மருத்துவரைப் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் போய் வாங்கும் சீட்டுக்கு அவ்வளவு வலுவிருக்காது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் தனியே புகார் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 65-ஆவது பிரிவில் உயிரிழப்பும் கொடுங்காயமும் அல்லாத பாதிப்புக்கு 1 லட்சம் வரை இழப்பீடு உண்டு. பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதானால் வாங்கும்போதே விடுதிக்குச் சொல்ல வேண்டும். மிச்சத்தை டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து பயனில்லை.

‘திருப்பித் தர மாட்டோம்’ என்ற வரி விடுதியின் சொந்தக் குறைபாட்டை மறைக்காது. சேவை குறைந்தால் பணத்தைக் கேட்டு மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். அந்த நிபந்தனையே அநியாய ஒப்பந்தம் என்று வாதாடுவதானால் மட்டும் மாநில ஆணையம்.

மழையில் மலைச்சாலை அடைபட்டாலோ, கொடைக்கானலுக்கு வாகனத்தில் வருவதற்கான இ-பாஸ் கிடைக்காவிட்டாலோ தேதி மாற்றித் தர வேண்டும் என்றும் அதே மின்னஞ்சலில் சேருங்கள். ரசீதில் அந்த வரியை அடித்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே 40,000-ஐக் கொடுங்கள். முடிந்தால் வங்கி வழியாக.