“எல்லாம் செய்யட்டுமா?” என்று டொக்டர் கேட்கும் முன்: வெளிநாடுகளில் இறுதிக்காலச் சட்டம், பத்திரம் – கேள்வி பதில்

ரொறன்ரோ ஆஸ்பத்திரிகளில் 20 வருடத்துக்கு மேல் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான். வக்கீல் அல்ல. கையெழுத்துப் போடும் முன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள். வந்த கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது. “உங்களை அடையாளம் தெரியாமல் போனால் என்னை சுவிஸுக்குக் கொண்டுபோய் விடுங்கள்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்திருக்கிறார். அந்தக் கடிதம் செல்லுமா?

செல்லாது. சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 115ஆம் பிரிவு, சுயலாபத்துக்காக ஒருவரின் தற்கொலைக்கு உதவுவதைத்தான் குற்றம் என்கிறது. சுயலாபம் இல்லையென்றால் தண்டனையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் அங்குள்ள அமைப்புகள் இயங்குகின்றன. 1998இல் தொடங்கிய டிக்னிற்றாஸ் வெளிநாட்டவரையும் ஏற்கிறது. ஆனால் கடைசிச் செயலை அவரே, தன் கையால், தெளிந்த புத்தியோடு செய்யவேண்டும். அப்பா உங்களை மறக்கும் நாளில் அந்தத் தெளிவு இருக்காது. தெளிவு இருக்கிற இன்றைக்கோ அவருக்குப் போக மனமில்லை.

டொக்டரின் உதவியோடு இறக்க முன்கூட்டியே எழுதிவைத்த வேண்டுகோளை நெதர்லாந்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2024 ஒக்ரோபர் 30 முதல் ஏற்கிறது. ஆனால் முதலாவதற்கு நோயாளியை நன்கு அறிந்த அந்த நாட்டு டொக்டர் ஒருவர் வேண்டும். இரண்டாவதற்கு அந்த மாகாணத்து மருத்துவக் காப்புறுதி வேண்டும். போய் இறங்கி நின்று கேட்கிற காரியமல்ல.

அந்தக் கடிதத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். “குழாய் மாட்டி என்னைக் கிடத்தி வைக்காதீர்கள்” என்பதுதான் அவர் சொல்லவந்தது என்றால், அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. இருக்கிற ஊரிலேயே எழுதலாம், இப்போதே எழுதவேண்டும்.

அம்மா ஒன்ராறியோவில் இருக்கிறார், பத்திரம் எதுவும் எழுதவில்லை. நாங்கள் மூன்று பிள்ளைகள், நான் மூத்தவன். அவருக்குப் பேச முடியாமல் போனால் முடிவெடுப்பது நான்தானே?

தம்பி, மூத்தவன் என்பதற்கு ஒன்ராறியோச் சட்டத்தில் ஒரு எடையும் இல்லை. அப்பா இருந்தால் அப்பா. இல்லாவிட்டால் நீங்கள் மூன்று பேரும் சமம். ஒத்துவராவிட்டால், அம்மாவை ஒருநாளும் கண்டிராத அரசாங்கக் காப்பாளர் அலுவலகம் முடிவெடுக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு சின்ன அறை, மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. மகன் ஜன்னலோடு நிற்கிறார். மகள் பாரிஸிலிருந்து ஃபோனில். இளம் டொக்டர் கேட்டதை நான் அப்படியே தமிழில் சொன்னேன்: “எல்லாம் செய்யட்டுமா?” எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? எண்பது தாண்டிய அம்மாவின் நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறியலாம் என்பது அந்த “எல்லாம்” என்ற சொல்லுக்குள் ஒளிந்துகிடந்தது. பிறகு வந்த பெரிய டொக்டர் வேறு மாதிரிக் கேட்டார்: “அம்மா இப்போ இந்தக் கதிரையில் இருந்தால் என்ன சொல்வார்?” கனநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மகன் சொன்னார்: “அப்பாவை மெஷினோடு பார்த்துவிட்டு வந்த அன்று, ‘எனக்கு இது வேண்டாமடா’ என்றவ.”

சட்டம் கேட்பதும் அதைத்தான். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்பது கேள்வியே இல்லை. புத்தி தெளிவாக இருந்தபோது அம்மா என்ன சொன்னார் என்பதுதான் கேள்வி, வாயால் சொன்னதும் கணக்கில் சேரும்.

ஆகவே அம்மா நல்லாயிருக்கும்போதே உடல்நலப் பராமரிப்புக்கான அற்றோணித் தத்துவத்தை, அதாவது தனக்குப் பேச முடியாதபோது முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரத்தை, எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கும் காசுக்கும் எழுதுவது வேறு, உடம்புக்கு எழுதுவது வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதும் இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் நிறையப்பேர். படிவத்தை மாகாண அரசு இலவசமாகத் தருகிறது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். கணவர், பிள்ளைகள், பொறுப்பாக நியமிக்கப்படுபவர் சாட்சியாக நிற்கக்கூடாது. எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்: மேசையைச் சுற்றி இருக்கிற பிள்ளைகளையே சாட்சியாகப் போட்டுவிடுவார்கள்.

மாமி சூப்பர் விசாவில் (பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா) கனடா வந்திருக்கிறார். புற்றுநோய் முற்றிவிட்டது. மருத்துவ உதவியோடு இறப்பதற்கு இங்கே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கனடாவின் அரச மருத்துவக் காப்புறுதிக்குத் தகுதியுள்ளவர்தான் கேட்கலாம். ஆனால் வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமை எந்த விசாவில் வந்தவருக்கும் உண்டு. வலி குறைக்கும் பராமரிப்பைப் பற்றி இன்றைக்கே கேளுங்கள்.

சிங்கப்பூரில் ஏஎம்டி (முன்கூட்டிய மருத்துவ உத்தரவுப் பத்திரம்) எழுதிவிட்டால் மருத்துவமனையில் நம்மைக் கைவிட்டுவிடுவார்களோ என்று என் வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

அதன் வீச்சு அவர் நினைப்பதைவிடக் குறுகியது. நோய் தீராது, மரணம் நெருங்கிவிட்டது என்று 3 டாக்டர்கள் சான்று சொன்ன பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். அப்போதும் நிறுத்தப்படுவது உயிரை இழுத்துப்பிடிக்கும் அசாதாரண சிகிச்சை மட்டும்; வலிக்கு மருந்து தொடரும். 21 வயதானவர்கள் எழுதலாம். இரண்டு சாட்சிகளில் ஒருவர் டாக்டராக இருக்கவேண்டும், பிறகு பதிவாளரிடம் பதியவேண்டும். ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லிவையுங்கள்: எல்பிஏ (தனக்குப் புத்தித் தெளிவு போனால் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம்) எழுதி உங்களை நியமித்தாலும், உயிர்காக்கும் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கு வராது.

லண்டனில் இருக்கிறேன். என்ன எழுதவேண்டும்? நண்பரோடு சுவிஸுக்குத் துணைபோனால் பிரச்சினை வருமா?

சிகிச்சை மறுப்பை எழுத்தில், கையெழுத்தும் சாட்சியும் வைத்து, “என் உயிருக்கு ஆபத்து வந்தாலும் இது பொருந்தும்” என்ற வரியோடு எழுதுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வரி இல்லாவிட்டால் உயிர்காக்கும் சிகிச்சையை அது தடுக்காது. துணைபோவது பற்றி: 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்கொலைக்கு உதவினால் 14 வருடம் வரை சிறை. துணைவரும் கணவர்மேல் வழக்கு வருமா என்று தெளிவு கேட்ட நோயாளி டெபி பர்டியின் வழக்குக்குப் பிறகு 2010இல் வழக்குத்தொடர்வோர் தம் வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். பரிவினால் உதவியவர்மேல் வழக்குப் போடுவது அரிது, ஆனால் பொலிஸ் விசாரிக்கலாம். டிக்கெட் எடுக்குமுன் வக்கீலைப் பாருங்கள்.

வயது 71, கனடாவில் தனியாள். பெரிய நோய் இல்லை. வாழ்ந்தது போதும். எந்த நாடு ஏற்கும்?

உங்களுக்கு நாட்டின் பெயர் தரமாட்டேன். கனடாவில் 988 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், இன்றைக்கே அழையுங்கள். உங்கள் குடும்ப டொக்டரிடமும் இதே வார்த்தைகளைச் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

பத்திரத்தை எங்கே வைப்பது? பேங்க் லொக்கரில் வைத்திருக்கிறோம்.

ஐயோ, எடுங்கள். இரவு 2 மணிக்கு எந்த பேங்க் திறந்திருக்கும்? பிரதியொன்று பொறுப்பானவரிடம், ஒன்று குடும்ப டொக்டரிடம் இருக்கட்டும். ஒன்ராறியோவில் இன்னொன்றும் உண்டு: அம்புலன்ஸ்காரர் அற்றோணித் தத்துவத்தைப் பார்த்து நிற்கமாட்டார்கள். நெஞ்சை அழுத்தவேண்டாம் என்றால் டொக்டரோ நேர்ஸோ கையெழுத்திட்ட தனிப் படிவத்தைக் காட்டவேண்டும். அதைக் குளிர்பெட்டிக் கதவில், கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.