பொன்னாடைக்குப் பதில் ஒரு வேஷம்

அன்புள்ள ஐயா,

கனடாவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் முதியோர் நிலையத்தில் தமிழர், சீனர், கரீபியர் எல்லோரும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வந்து பாடி, வாழ்த்து அட்டை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அம்மா இரண்டு தடவை போனார், இப்போது மறுக்கிறார். “சும்மா இருந்து கைதட்ட நான் எதற்கு?” என்கிறார். இத்தகைய நிகழ்ச்சிகளால் முதியவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவின் கேள்வி நியாயமானது. பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனால், அந்த விழா பள்ளிக்கூடத்துக்குத்தான் பயன்படும்.

பலவின மக்கள் வாழும் நியூயார்க்கின் புரூக்ளினில், 1979-இல் சூசன் பெர்ல்ஸ்டைன் தொடங்கிய ‘எல்டர்ஸ் ஷேர் தி ஆர்ட்ஸ்’ அமைப்பு வேறு வழியில் போனது. பழைய கதை பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று மருத்துவர்களே ஒதுக்கிய காலம் ஒன்று உண்டு. கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பு என்று 1963-இல் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் எழுதினார். பெர்ல்ஸ்டைன் அந்தப் பழங்கதைகளை மேடையேற்றினார். கதை பெரியவருடையது, பிள்ளைகள் கேட்டு வாங்கி, காட்சியாக்கி, அவரோடு சேர்ந்து நடிக்க வேண்டும்.

ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில் பெட்டியில் என்ன வைத்தீர்கள் என்று ஒரு பையன் உங்கள் அம்மாவைக் கேட்கட்டும். சொல்லத் தொடங்கியவர் எழுந்து, பெட்டியைத் தூக்கிய விதத்தைக் காட்டுவார். பையன் அதை நடித்தால், “இவ்வளவு லேசாகத் தூக்காதே” என்று திருத்துவார். சீனப் பாட்டிக்கும் அது மொழிபெயர்க்காமலே புரியும். (வசனத்துக்குப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாதியை முழுங்கிவிடுவார்கள்.)

பயன் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 2001-இல் முதியோர் மனநல மருத்துவர் ஜீன் கோஹன் தலைமையில் தொடங்கியது. வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோவோடு புரூக்ளினும் அதன் களம். சுமார் 300 பேர், சராசரி வயது 80. கலைக் குழுக்களில் இருந்தவர்கள் மருத்துவரிடம் போனதும் கீழே விழுந்ததும் மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யவில்லை. ஆர்வமும் தெம்பும் உள்ளவர்களே கலைப் பக்கம் வந்திருக்கலாம். தவிர, அவர்கள் தொழில்முறைக் கலைஞர்களிடம் மாதக்கணக்கில் பயின்றவர்கள். ஆண்டுக்கொரு விழா நடத்துபவர்கள் இந்த எண்களைக் காட்டி நிதி கேட்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

நிலையத்தாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை வாரம் ஒத்திகை? அம்மாவுக்கு அதில் என்ன வேலை? பதில் இல்லையென்றால் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்.